கை எட்டும் தூரத்தில் ஓர் உயிர்

டால்பினோடு நீந்தும் ஆசை கடலில் என்ன செய்தது? அதே ஆசை ஒகேனக்கல்லில் இறங்கினால் காவிரி தாங்குமா?

மாசி மாதக் காலை. காவிரியில் தண்ணீர் இறங்கி, ஒகேனக்கல்லின் பாறைகள் இடுப்புவரை வெளியே தெரிந்தன. அருவியின் இரைச்சல் பின்னால் தேய்ந்துபோய், பரிசலின் அடியில் தண்ணீர் உரசும் ஓசை மட்டும் மிஞ்சிய இடம். எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் ஒரே போனில் தலையைச் சாய்த்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டு வந்தார்கள். நீலக் கடல். கண்ணாடி முகமூடி போட்ட ஒரு பெண். அவளைச் சுற்றிச் சுற்றி வரும் டால்பின் கூட்டம். பின்னணியில் மெல்லிய பியானோ.

"செத்துறதுக்குள்ள ஒரு தடவையாவது இதைப் பண்ணிரணும்டா" என்றார் ஒருவர்.

அந்த நேரம் பார்த்து, பரிசலுக்கு முப்பது அடி தள்ளித் தண்ணீரில் ஒரு குமிழி வரிசை ஓடியது. அதன் முனையில் ஈரத்தில் பளபளக்கும் தட்டையான தலை ஒன்று எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு மூன்று, நான்கு, ஆறு. நீர்நாய்கள். ஒன்று மீனைக் கவ்விக்கொண்டு பாறைமேல் ஏறியது. முன்னங்கால்கள் இரண்டாலும் மீனைப் பிடித்து, தலையிலிருந்து தின்ன ஆரம்பித்தது. முள் நொறுங்கும் சத்தம் பரிசல்வரை கேட்டது. பின்னாலேயே உடம்பெல்லாம் நனைந்த குட்டிகள் இரண்டு ஏறி, அந்த மீனுக்காகக் கீச்சிட்டன.

மாணவரின் கை லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிக்குப் போய்விட்டது. "அண்ணா, இறங்கிக்கலாமா? ரெண்டே நிமிஷம்."

பரிசல்காரர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேணாம் தம்பி. குட்டி வச்சிருக்கு. அது நம்மளப் பாத்துட்டுப் போற வரைக்கும் சும்மா இருந்தாப் போதும்."

இந்தக் கட்டுரை பரிசல்காரரின் அந்த வார்த்தைகளைப் பற்றியது. தருமபுரி மாவட்டத்தில் கடல் இல்லை, டால்பின் இல்லை. ஆனால், நீரில் வாழும் காட்டுயிரைக் கண்டதும் அதே நீரில் குதிக்கத் தூண்டும் ஆசை இங்கேயும் வந்துவிட்டது. அந்த ஆசைக்கு உலகத்தின் வெதுவெதுப்பான கடல்கள் ஏற்கெனவே விலை கொடுத்திருக்கின்றன. அந்தக் கணக்கைப் படித்துவிட்டு நாம் காவிரிக்குத் திரும்பலாம்.

ஓபோவின் ஒரே ஒரு கோடை

மனிதருக்கும் டால்பினுக்கும் இடையிலான நட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் நியூசிலாந்தின் ஓபோவை மறக்க மாட்டார்கள். 1955-ஆம் ஆண்டில் அந்நாட்டின் வடகோடியில், ஹோகியாங்கா துறைமுகத்தை ஒட்டிய ஓபோனோனி என்ற சின்ன ஊருக்கு ஒரு டால்பின் தனியாக வந்தது. படகுகளின் பின்னால் வந்தது, பந்து விளையாடியது, குழந்தைகள் தன்னைத் தொட விட்டது. செய்தி பரவியது. சில நூறு பேர் வாழும் ஊருக்கு ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டு வந்தார்கள். எல்லோருக்கும் ஓபோவைத் தொட வேண்டும், அதனுடன் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்க்காரர்களுக்குக் கவலை வந்தது. பாதுகாப்பு கேட்டு அரசிடம் போனார்கள். 1956 மார்ச் 8 அன்று ஓபோவைப் பாதுகாக்கும் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் மார்ச் 9 அன்று, பாறை இடுக்கு ஒன்றில் ஓபோ செத்துக் கிடந்தது.

அது எப்படி இறந்தது என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. ஆனால், அந்த ஊர் பட்ட துக்கத்தில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஓபோவைச் சுற்றி நின்ற கூட்டத்தில் கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. அத்தனை பேரும் அதை நேசித்தவர்கள்தான். ஒரு காட்டுயிரை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நேசிக்கும்போது, அந்த நேசத்தின் பாரத்தை அந்த ஒற்றை உடம்பு தாங்க வேண்டியிருக்கிறது.

பகல்தான் அவற்றின் இரவு

ரீல்ஸில் நாம் பார்க்கும் காட்சிகளில் பெரும்பாலானவை ஸ்பின்னர் டால்பின்களுடையவை. தண்ணீருக்கு மேலே எம்பி, பம்பரமாகச் சுழன்று விழும் இனம். வெப்பக் கடல்களில் வாழ்பவை. ஹவாய் தீவுகளில் இவற்றின் அன்றாடத்தை ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகள் கவனித்திருக்கிறார்கள்.

இரவில் இவை ஆழ்கடலுக்குப் போகின்றன. ஆழத்திலிருந்து இரவில் மேலே ஏறிவரும் சிறு மீன்களையும் கணவாய்களையும் கூட்டமாக வளைத்து வேட்டையாடுகின்றன. விடிந்ததும் கரையோரத்தின் ஆழமற்ற, மணல் அடித்தளம் கொண்ட குடாக்களுக்குத் திரும்புகின்றன. சுறா வந்தால் வெள்ளை மணலில் எளிதில் தெரியும் என்பதால் அந்த இடம். அங்கே வரிசை கலையாமல், மெதுவாக, பேச்சு மூச்சு குறைத்து நீந்துகின்றன. கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது அழகான நிதான நீச்சல். உண்மையில் அது தூக்கம். டால்பினுக்கு மூச்சு தானாக ஓடாது. நினைத்து நினைத்து மூச்சு விட வேண்டிய உயிர். ஆகவே மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருந்து மூச்சையும் சுறாவையும் பார்த்துக்கொள்ளும்.

சுற்றுலாப் படகு வருவது சரியாக அந்த நேரத்தில். காலை எட்டு மணி, தெளிந்த நீர், தாழ்ந்த அலை, கரைக்குப் பக்கத்தில் கூட்டம். இருபது பேர் துடுப்புக் காலணியோடு குதிக்கிறார்கள். கூட்டம் கலைகிறது. தாய் குட்டியை ஒட்டி அணைத்துக்கொண்டு திசை மாறுகிறது. இருபது நிமிடத்தில் அடுத்த படகு. இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தவரின் வீட்டில், கதவைத் தட்டித் தட்டி "உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போகும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அதுவும் தினமும். வருடக்கணக்கில்.

உறக்கம் கெட்ட டால்பின் அன்றைக்கே செத்து மிதப்பதில்லை. அதனால்தான் இந்தக் கேடு கண்ணில் படாமல் போகிறது. வேட்டையில் வேகம் குறைகிறது. பால் குறைகிறது. நல்ல குடாவை விட்டுவிட்டு மோசமான இடத்துக்குப் போகிறது. கணக்கு குட்டிகளில் வந்து விழுகிறது.

அமெரிக்க அரசு 2021 அக்டோபரில் ஹவாய் கரையோரத்துக்கு விதி கொண்டுவந்தது. கரையிலிருந்து 2 கடல் மைல் எல்லைக்குள் ஸ்பின்னர் டால்பினுக்கு 50 கஜத்துக்குள், அதாவது சுமார் 45 மீட்டருக்குள், நீந்தியோ படகிலோ நெருங்கக் கூடாது. டால்பினோடு நீந்துவதையே தொழிலாகக் கொண்டிருந்த நிறுவனங்கள் பல அங்கே இருந்தன. எதிர்ப்பு இருந்தது. விதி நின்றது.

---

டால்பின்: தெரிந்துகொள்ள

• தமிழில் இதற்கு ஓங்கில் என்று பெயர் உண்டு. மீனல்ல, நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் பாலூட்டி.

• பாட்டில்மூக்கு டால்பின்கள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சீழ்க்கை ஒலி வைத்திருக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு பெயர் மாதிரி.

• ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியால் இரையையும் வழியையும் அறிகின்றன. எஞ்சின் இரைச்சல் அவற்றுக்குக் கண்ணில் தூவிய மணல்.

• கங்கை டால்பினை 2009-இல் இந்தியா தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. 2025 மார்ச்சில் வெளியான முதல் நாடு தழுவிய ஆற்று டால்பின் கணக்கெடுப்பில் 6,327 இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அவற்றில் சிந்து டால்பின்கள் வெறும் 3.

---

எண்கள் சொன்ன தீர்ப்பு

ஓபோவை இழந்த அதே நியூசிலாந்துதான் இந்த விஷயத்தில் இன்னொரு கசப்பான பாடமும் படித்தது. வடக்கே பே ஆஃப் ஐலண்ட்ஸ் என்ற தீவுக் கடலில் பாட்டில்மூக்கு டால்பின்களோடு நீந்துவது பெரிய சுற்றுலாத் தொழிலாக வளர்ந்தது. உரிமம் பெற்ற படகுகள், பயிற்சி பெற்ற வழிகாட்டிகள், எழுதிவைத்த விதிகள் எல்லாம் இருந்தன.

2019-இல் அந்நாட்டின் இயற்கைப் பாதுகாப்புத் துறை நிலைமையை வெளிப்படையாகச் சொன்னது. 1999-க்குப் பிறகு அந்தக் கடலில் டால்பின்களின் எண்ணிக்கை 66 சதவீதம் சரிந்துவிட்டது. அடிக்கடி வந்துபோகிறவை 19 மட்டுமே. குட்டிகளில் 75 சதவீதம் பிழைப்பதில்லை. மனிதர்கள் அந்த உயிர்களை "அளவு கடந்து நேசிப்பதாக" அந்தத் துறை கவலைப்பட்டது. அங்கே டால்பினோடு நீந்துவது தடை செய்யப்பட்டது. 2021-இல் அந்தக் கடற்பகுதி பாலூட்டிகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டு, 300 மீட்டர் இடைவெளி கட்டாயமானது.

ஒழுங்காக நடத்தினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அங்கே ஒழுங்கு இருந்தது. இருந்தும் குட்டிகள் சாவதை அது தடுக்கவில்லை.

உணவு கொடுத்துப் பழக்குவதும் இதே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் மங்கி மியா கடற்கரையில் 1960-களிலிருந்து டால்பின்களுக்கு மீன் கொடுத்துப் பழக்கினார்கள். கரைக்கு வந்து கையேந்திய தாய்களின் குட்டிகள், மற்றவற்றின் குட்டிகளைவிட அதிகமாக இறந்தன. தாய் கரையில் காத்திருக்கும் நேரம், குட்டிக்கு வேட்டை கற்றுக்கொடுக்கும் நேரத்தைத் தின்றுவிட்டது. 1990-களின் நடுவில் உணவளிப்பதற்குக் கடும் கட்டுப்பாடு வந்த பிறகுதான் குட்டிகள் பிழைப்பது கூடியது.

மனிதருக்கும் ஆபத்து உண்டு. 2023 கோடையில் ஜப்பானின் ஃபுகுய் மாநிலக் கடற்கரையில், நீந்திக்கொண்டிருந்தவர்மேல் டால்பின் மோதியதில் அவருடைய விலா எலும்புகள் முறிந்தன. அடுத்தடுத்த கோடைகளில் அந்தப் பகுதியில் கடிபட்டவர்கள் பலர். டால்பினின் முகத்தில் நாம் பார்க்கும் புன்னகை அதன் தாடை அமைப்பு. கோபத்திலும் அதே முகம்தான். வலியிலும் அதே முகம்தான்.

நம் கடலில் ஒரு ஜனவரி

தமிழ்க் கடலோரத்தில் டால்பின் அந்நியம் இல்லை. மன்னார் வளைகுடாவில் பல இன டால்பின்கள் உண்டு. எதிர்க்கரையில், இலங்கையின் கற்பிட்டியில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஸ்பின்னர் டால்பின்களைப் பார்க்கப் படகுகள் வரிசை கட்டுகின்றன.

ஆனால், நம் கரையில் மனிதரும் டால்பின் குடும்பத்து உயிர்களும் ஒரே நீரில் நின்ற பெரிய சம்பவம் உல்லாசமாக நடக்கவில்லை. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் திருச்செந்தூர், மணப்பாடு கரையோரம் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. பெயரில்தான் திமிங்கிலம், உறவுமுறையில் இவை டால்பின் குடும்பம். மீனவர்கள் கழுத்தளவு நீரில் இறங்கித் தள்ளினார்கள். படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துப் போனார்கள். விடுவிக்கப்பட்டவற்றில் பல மறுபடி கரைக்கே திரும்பின. பாதிக்கும் மேற்பட்டவை இறந்தன. 1973-லும் இதே கரையில் 147 ஒதுங்கியிருக்கின்றன.

அன்று தண்ணீரில் நின்ற மீனவர்களைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவர்கள் யாரும் படம் எடுக்க இறங்கவில்லை. தொட்டார்கள், தோள் கொடுத்தார்கள், அனுப்பிவைக்கப் பார்த்தார்கள். காட்டுயிர் இருக்கும் நீரில் மனிதன் இறங்க ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான்: அந்த உயிர் பிழைக்க வேண்டும் என்ற ஒரே காரணம்.

இந்தியச் சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் டால்பின்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் அல்ல. துரத்துவது, விரட்டி ஓட்டுவது, இரை காட்டி இழுப்பது ஆகியவையும் அந்தச் சொல்லுக்குள் வருகின்றன. தொட்டியில் டால்பின் வைத்து வித்தை காட்டும் காட்சிக்கூடங்களுக்கு இடமில்லை என்று 2013-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதற்கு முன்பே, 1990-களின் இறுதியில் சென்னைக்கு அருகே பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே மடிந்த துயரத்தைத் தமிழ்நாடு பார்த்துவிட்டது.

பென்னாகரம் சாலை முடியும் இடம்

இனி நம் ஆற்றுக்கு வருவோம்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாகக் காட்டுச் சாலையில் இறங்கினால் ஒகேனக்கல். வாகனம் நின்றதும் நல்லெண்ணெய் வாசமும் மீன் வறுவல் வாசமும் சேர்ந்து வரும். மசாஜ் செய்கிறவர்கள், பரிசல் துறையில் வரிசை, அருவியில் தலை கொடுத்து நிற்கும் கூட்டம். நமக்குத் தெரிந்த ஒகேனக்கல் இவ்வளவுதான்.

நமக்குத் தெரியாத ஒகேனக்கல் இன்னொன்று உண்டு. 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686.406 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்தது. மாநிலத்தின் 17-ஆவது சரணாலயம் அது. அப்படி அறிவிக்கும்போது அரசு பெயர் சொல்லிக் குறிப்பிட்ட உயிர்களில் நீர்நாயும் சதுப்புநில முதலையும் உண்டு. நாம் குளிக்கப் போகும் ஆறு, அவை குடும்பம் நடத்தும் ஆறு.

நீர்நாயை ஆற்றின் டால்பின் என்று சொன்னால் மிகையில்லை. இதுவும் கூட்டமாக வேட்டையாடும். சில சமயம் வரிசையாக அணிவகுத்து மீன்களை வளைக்கும். சீழ்க்கையும் கீச்சும் கலந்து ஓயாமல் பேசிக்கொள்ளும். குட்டிகளைக் குடும்பமே சேர்ந்து வளர்க்கும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சங்கப் பாடல்களில் வாளை மீனைத் தேடும் நீர்நாய் வருகிறது. நம் புலவர்கள் கரையில் நின்று பார்த்துப் பாடிய உயிர் இது.

இன்று உலக அளவில் இது அழிவாய்ப்புக்கு உள்ளான இனம். செல்லமாக வளர்க்கும் மோகமும் தோல் வணிகமும் சேர்ந்து மிரட்டியதால், 2019-இல் இதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை வந்தது. காவிரியில் இதன் எதிரிகள் வேறு: கரையை அரிக்கும் மணல் கொள்ளை, தோட்டா போட்டு மீன் பிடிப்பது, கண்ணில் படாமல் கிடக்கும் வலை. இவற்றுக்கு நடுவில்தான் சுற்றுலா தன் கையையும் நீட்டுகிறது.

காலத்தையும் கவனியுங்கள். கோடை விடுமுறையில் நாம் குடும்பத்தோடு வருகிறோம். அப்போது தண்ணீர் குறைவு. ஆற்றின் நடுவே மணல் திட்டு தெரியும். அதில் இறங்கிச் சமைத்துச் சாப்பிட ஆசை வரும். முதலை முட்டையிடுவதும் அந்தக் கோடையில்தான், அதே மாதிரி மணலில்தான். பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் குழி தோண்டி முட்டையிடும். தாய் அருகிலேயே காவல் இருக்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அந்த மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. நாம் அடுப்பு மூட்ட நினைக்கும் மணல், இன்னொருவர் வீட்டுத் தொட்டில்.

மசாஜ் எண்ணெயையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நீர்நாய்க்கு டால்பினைப் போலத் தடித்த கொழுப்புப் போர்வை கிடையாது. அடர்ந்த மயிருக்குள் சிறைப்படும் காற்றுதான் அதன் உடல் சூட்டைக் காக்கிறது. மணிக்கணக்கில் அது பாறையில் புரண்டு மயிரை நீவுவது அதற்காகத்தான். எண்ணெய் படிந்தால் மயிர் ஒட்டிக்கொள்ளும், காற்று தங்காது. எண்ணெய் தேய்த்த உடம்போடு ஆற்றில் இறங்கும் முன்னும், ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பிய்த்துப் போடும் முன்னும் இது ஞாபகத்துக்கு வந்தால் போதும்.

---

நம் ஆற்றின் குடும்பம்

• நீர்நாய்: வளர்ந்தது 7 முதல் 11 கிலோ. கர்ப்பகாலம் இரண்டு மாதம். கரையோர வளையிலும் பாறை இடுக்கிலும் குட்டி போடும். 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணைப் பாதுகாப்பு.

• சதுப்புநில முதலை: வெயில் காயப் பாறையில் கிடக்கும். அசையாமல் கிடப்பதால் உறங்குகிறது என்று நினைக்கக் கூடாது.

• திமில் மஹ்சீர்: காவிரிப் படுகையில் மட்டுமே வாழும் பெருமீன். 2018-இல் மிக அருகிய இனமாக அறிவிக்கப்பட்டது.

• காவிரி தெற்கு, காவிரி வடக்கு, கர்நாடகத்தின் காவிரி ஆகிய சரணாலயங்கள் தொடர்ச்சியான காடு. ஆறுதான் மூன்றையும் கட்டும் கயிறு.

---

சிங்கப்பூர் கற்றுக்கொண்டது

காவிரியில் இருக்கும் அதே நீர்நாய் இனம்தான் சிங்கப்பூரிலும் இருக்கிறது. அசுத்தமான ஆறுகளைச் சிங்கப்பூர் சுத்தப்படுத்திய பிறகு, 1990-களின் இறுதியில் அவை தாமாகத் திரும்பி வந்தன. இன்று கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே குடும்பமாகச் சாலையைக் கடக்கின்றன. நம் சொந்தக்காரர்கள் பலர் அங்கிருந்து அனுப்பும் வீடியோக்களில் இவற்றைப் பார்த்திருப்பீர்கள்.

2021 நவம்பரில் அங்குள்ள தாவரவியல் பூங்காவில் அதிகாலை நடைக்குப் போன ஒருவரை நீர்நாய்க் கூட்டம் சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் கடித்தது. அவர் எதுவும் செய்யவில்லை. இருட்டில் வேறொருவர் அந்தக் கூட்டத்துக்குள் ஓடிவந்து மிதித்துவிட, மிரண்ட கூட்டம் அருகில் நின்ற இவர்மேல் பாய்ந்தது என்று செய்திகள் கூறின.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் சிங்கப்பூர் நீர்நாய்களைப் பிடித்துக் கூண்டில் அடைத்துவிடவில்லை. மக்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது எளிய விஷயங்கள்தான்: தொடாதே, துரத்தாதே, வழி மறிக்காதே, உணவு போடாதே. ஊரின் நடுவில் வாழும் நீர்நாய்க்கே இந்த மரியாதை வேண்டியிருக்கிறது. காட்டின் நடுவில், குட்டியோடு இருக்கும் நீர்நாய்க்கு எவ்வளவு வேண்டும்?

பரிசல் என்ற பாக்கியம்

"இறங்கக் கூடாது, தொடக் கூடாது என்றால் சுற்றுலாவே வேண்டாமா? பரிசல்காரர் எதை வைத்துப் பிழைப்பார்?" நியாயமான கேள்வி. பரிசல்காரர் பிழைப்பு ஏற்கெனவே ஆற்றின் கையில் இருக்கிறது. பிலிகுண்டுலுவில் அளவெடுக்கும் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. சில நாள், சில வாரம் துடுப்பு சும்மா கிடக்கும். அந்தக் குடும்பங்களின் வயிற்றில் அடிக்கும் எந்த யோசனையும் யோசனையே அல்ல.

ஒடிசாவின் சிலிகா ஏரி ஒரு வழியைக் காட்டுகிறது. அங்கே சாதபடா பக்கம் மீனவர்கள் ஐராவதி டால்பின்களைக் காட்டிப் பிழைக்கிறார்கள். 2016-17 வாக்கில் ஏரியை அடைத்திருந்த சட்டவிரோத இறால் வளைப்புகள் அகற்றப்பட்டபோது, ஒதுங்கிக் கிடந்த டால்பின்கள் ஏரியின் மற்ற பகுதிகளுக்கும் பரவின. உயிருக்கு இடம் கொடுத்ததில் அதைக் காட்டுகிறவருக்கும் இடம் கிடைத்தது. ஆனாலும் சிலிகாவில் தீராத தலைவலி ஒன்று உண்டு: மோட்டார் படகு. இரைச்சல், சுழல் விசிறியில் அடிபடுதல், டால்பின் தலை தெரிந்ததும் அத்தனை படகும் ஒரே இடத்துக்குப் பாய்தல்.

இங்கேதான் தருமபுரி மாவட்டத்துக்கு ஒரு பாக்கியம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது பரிசல். மூங்கில் பிளாச்சில் பின்னிய வட்டக் கூடை. எஞ்சின் இல்லை, விசிறி இல்லை, புகை இல்லை. உலகம் முழுவதும் கடல் உயிர்களைப் பார்க்கப் போகிறவர்கள் "சத்தமில்லாத படகு" தேடிக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். அந்தப் படகை நம் ஆட்கள் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு பாறையில் நடக்கிறார்கள்.

நீர்நாய் எந்தப் பாறையில் மீன் தின்னும், முதலை எந்த மடுவில் கிடக்கும், எந்த மாதம் எந்தத் திட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது பரிசல்காரருக்குத் தெரியும். இன்று அவருக்குக் கிடைப்பது பரிசல் தள்ளும் கூலி மட்டுமே. அவருடைய கண்ணுக்கும் அறிவுக்கும் நாம் கூலி கொடுப்பதில்லை. வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் நினைத்தால், பரிசல்காரர்களை ஆற்றின் வழிகாட்டிகளாக்கிப் பயிற்சியும் அடையாள அட்டையும் கொடுக்கலாம். காலை நேரத்தில் குறைந்த எண்ணிக்கையில், அனுமதித்த தடத்தில், கையில் ஒரு தொலைநோக்கியோடு ஒரு மணி நேரம். சத்தம் குறைந்த அந்த ஒரு மணிக்கு, அருவிப் பக்கச் சவாரியைவிடக் கூடுதல் கட்டணம் வைத்தாலும் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். முட்டையிடும் மாதங்களில் மணல் திட்டுகளுக்கு விடுமுறை விடலாம். குட்டி இருக்கும் வளைகளின் பக்கம் தடத்தை மாற்றலாம். இதற்குப் பெரிய திட்டமோ பெரிய கட்டடமோ தேவையில்லை.

தொடாத உறவு

பிரேசிலின் லகுனா நகரில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. மீனவர்கள் வீச்சு வலையோடு இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று காத்திருப்பார்கள். டால்பின்கள் மீன் கூட்டத்தை அவர்கள் பக்கம் ஓட்டிவரும். ஒரு டால்பின் தலையை அசைத்துச் சட்டென்று மூழ்கும். அதுதான் சைகை. அந்த நொடியில் வலை விழும். சிதறும் மீன்களில் டால்பினுக்கும் பங்கு. யாரும் யாரையும் பிடித்துப் பழக்கவில்லை. தந்தையிடமிருந்து மகனும், தாயிடமிருந்து குட்டியும் கற்றுக்கொண்ட உறவு இது.

அங்கே நீரில் நிற்கும் மனிதன் டால்பினைத் துரத்துவதில்லை. நேரத்தையும் இடத்தையும் டால்பின் முடிவு செய்கிறது. மனிதன் காத்திருக்கிறான். நூறு ஆண்டுகள் தாங்கிய உறவின் ரகசியம் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. ரீல்ஸுக்காகக் குதிக்கிறவரிடம் இல்லாததும் அதுவே.

---

நீரில் காட்டுயிரைக் கண்டால்

• இறங்க வேண்டாம். துடுப்பையும் பேச்சையும் நிறுத்துங்கள்.

• அது நெருங்கி வந்தால் வரட்டும். நீங்கள் நெருங்க வேண்டாம்.

• தின்பண்டம், மீன் துண்டு எதுவும் வீசாதீர்கள். இரை காட்டி இழுப்பது சட்டப்படியும் குற்றமாகலாம்.

• குட்டி தெரிந்தால் உடனே விலகுங்கள்.

• முதலை எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கால் நனைக்கவும் கூடாது.

• படம் எடுங்கள். குட்டி போடும் வளையையும் முட்டையிடும் திட்டையும் இடம் சொல்லிப் பகிராதீர்கள்.

• ஒதுங்கிய டால்பினையோ அடிபட்ட நீர்நாயையோ கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது வரும்வரை கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

அன்றைக்கு மாசிக் காலையில் நாங்கள் சும்மா இருந்தோம். பரிசல் தன்பாட்டில் மெல்லச் சுழன்றது. மாணவர் கொக்கியிலிருந்து கையை எடுத்துவிட்டார். போனை எடுத்தவர், ஏனோ அதையும் மடியில் வைத்துக்கொண்டார்.

மீனை முடித்த பெரிய நீர்நாய் தண்ணீரில் இறங்கி எங்களை நோக்கி வந்தது. பதினைந்து அடி இருக்கும். அங்கேயே நின்று, கழுத்துவரை நீருக்கு மேலே எம்பி, எங்கள் நான்கு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. மீசை நுனிகளில் நீர்த்துளி நின்றது. மூக்கிலிருந்து சீறலாக ஒரு மூச்சு. பிறகு திரும்பிக் குட்டிகளிடம் போனது. குமிழி வரிசை மட்டும் கரையை நோக்கி ஓடியது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"அது நம்மளப் பாத்துச்சு அண்ணா" என்றார் அந்த மாணவர், குரலைத் தாழ்த்தி.

பரிசல்காரர் துடுப்பை மறுபடி தண்ணீரில் வைத்தார். "ஆமா தம்பி. அதான் சொன்னேன்."